தள்ளிக்கொண்டு போகும் தூரம்

திருவள்ளூரிலிருந்து பூண்டி வழியாக ஊத்துக்கோட்டை போகும் சாலையில் 1970களில் எத்தனை சைக்கிள் கடைகள் இருந்தன என்று என் நைனாவைக் கேட்டால் எண்ணிக்கை சொல்ல மாட்டார். "எங்க பஞ்சரானாலும் ரெண்டு பீடி புடிக்கிற நேரத்துல தள்ளிக்கினு போய்ச் சேர்ந்துடலாம்" என்பார். திருவள்ளூர் ரயிலடிக்குப் பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர் அவர். தூரத்தை மைலில் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

அவர் சொன்னது உண்மைதான். புல்லரம்பாக்கம், பூண்டி, சீத்தஞ்சேரி, பென்னாலூர்பேட்டை என்று பஸ் நிற்கிற ஊரிலெல்லாம் ஒரு டீக்கடை இருந்தது. டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு புளியமரம், அதன் கிளையில் ஒரு பழைய டயர். டயர் தொங்கினால் அங்கே கடை இருக்கிறது என்று பொருள். போர்டு எழுதிய சைக்கிள் கடையை நான் திருவள்ளூர் பஜாரில்தான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் மாவட்டத்துச் சைக்கிளின் வரலாற்றை நான் இந்தத் தள்ளு தூரத்தை வைத்துத்தான் பார்க்கிறேன். வண்டி நின்றுபோனால் எவ்வளவு தூரம் தள்ள வேண்டியிருக்கும் என்ற கணக்கு மனசுக்குள் இருந்தால்தான் ஒருவன் அடுத்த ஊருக்குப் பொண்ணு பார்க்கப் போவான், பால் கேனைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்புவான், கல்லும் முள்ளுமான வண்டிப்பாதையில் இறங்குவான். அந்தக் கணக்கு தப்பினால் வீட்டோடு இருந்துவிடுவான்.

சைக்கிள் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் இப்படி ஒரு கணக்கே கிடையாது. இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும் ரோவர் வண்டி இங்கிலாந்தில் 1885இல் வந்தது. காற்றடைத்த டயரை டன்லப் 1888இல் கொண்டுவந்தார். அடுத்த சில வருடங்களிலேயே மதராஸில் வெள்ளைக்காரர்களும் வக்கீல்களும் ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். 1898 வாக்கில் ஃபேனி புல்லக் வொர்க்மன் என்ற அமெரிக்கப் பெண்மணியும் அவருடைய கணவரும் நாட்டின் தென்கோடியிலிருந்து வடக்கு நோக்கிச் சைக்கிளிலேயே பயணம் செய்தார்கள். 1904இல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார்கள். முள் குத்தியபோதெல்லாம் வழியில் உட்கார்ந்து தாங்களே ஒட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒட்டித் தர ஆள் இல்லாத நாட்டில் அப்படித்தான் போக முடியும். ஊருக்கு ஊர் ஒட்டுகிறவன் உட்கார இன்னும் அரை நூற்றாண்டு ஆகவேண்டியிருந்தது.

இடைப்பட்ட காலத்தில் கிராமத்தில் சைக்கிள் வைத்திருந்தவர் சர்க்கார் ஆளாகவோ சர்க்காரோடு சம்பந்தப்பட்டவராகவோ இருப்பார். தபால்காரர், அம்மை குத்துகிறவர், ரெவின்யூ இன்ஸ்பெக்டர், பள்ளிக்கூட வாத்தியார். வண்டியெல்லாம் சீமைச் சரக்கு: ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ். இரண்டாம் உலகப் போரில் இறக்குமதி நின்றபோது டயருக்குள் வைக்கோல் புரியைத் திணித்து ஓட்டியதாகத் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரம், மோதிரம், சைக்கிள் என்று மூன்றும் வைத்தால் அது பெரிய இடத்துச் சம்பந்தம்.

நிலைமை மாறியது அம்பத்தூரில். முருகப்பா குடும்பத்தாரும் பர்மிங்ஹாமைச் சேர்ந்த ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள். 1951இல் முதல் ஹெர்குலிஸ் வண்டிகள் அங்கிருந்து வெளிவந்தன. ஹெர்குலிஸ் என்ற பெயர் அதற்கு முன்பே இங்கிலாந்தில் பிரபலம். 1910இல் பர்மிங்ஹாமில் தொடங்கிய அந்தக் கம்பெனியை 1946இல்தான் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் வாங்கியிருந்தது. பிறகு பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. பெயர்களும் அம்பத்தூருக்கு வந்து சேர்ந்தன. 1955இல் ஆவடியில் குழாய் செய்யும் ஆலை, 1960இல் செயின் செய்யும் ஆலை. ஒரு சைக்கிளுக்கு வேண்டியதெல்லாம் ஒரே ரயில் பாதையின் ஓரத்தில் உருவாகத் தொடங்கியது. அந்த ஆங்கிலக் கம்பெனியின் தலைவராக இருந்த சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டின் பெயரில் அம்பத்தூரில் இன்றும் ஒரு ஆஸ்பத்திரி நடக்கிறது. அங்கே பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அவர் யார் என்று தெரியாது.

வடக்கிலும் அதே காலத்தில் ஆலைகள் எழுந்தன. அசன்சோலில் சென்-ராலே, சோனிபத்தில் அட்லஸ், லூதியானாவில் ஏவான், 1956இல் ஹீரோ. ஆனால் எங்கள் பக்கத்துக்கு அம்பத்தூர் வண்டிதான் வண்டி. அந்த ஆலைகளுக்கு உதிரிச் சாமான் செய்துகொடுத்த சிறு பட்டறைகளில் ஒன்றில்தான் நானும் ஓய்வுபெறும்வரை பிட்டராக இருந்தேன். ஆகவே இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பட்சபாதம் உண்டு. வாசகர்கள் கழித்துக்கொள்ளலாம்.

அம்பத்தூர் செய்த பெரிய காரியம் வண்டியை ஏராளமாகச் செய்து தள்ளியது இல்லை. வண்டியை ஒரே மாதிரி செய்தது. 28க்கு ஒன்றரை டயர். முன் சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பின் சக்கரத்துக்கு 40. கிராங்கைப் பிடிக்க ஒரு காட்டர்பின். வாத்தியார் வண்டியானாலும் பால்காரர் வண்டியானாலும் உள்ளே இருப்பது அதேதான். லூதியானா வண்டியும் அதே சீமை அளவில்தான் வந்தது. அதனால் சீத்தஞ்சேரியில் புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பவர் ஒரு தகர டப்பாவில் கொஞ்சம் பால்ரஸ், நாலு போக்ஸ் கம்பி, ரெண்டு காட்டர்பின், ஒரு கூறு வால்டியூப் வைத்திருந்தால் போதும், அந்தச் சாலையில் வருகிற எந்த வண்டியையும் எழுப்பி நிறுத்திவிடுவார். தொழில் பழக ஒரு வருஷம், கடை போட ஒரு மரம், முதலாக ஒரு கைப்பம்பு. மரத்துக்கு மரம் கடை முளைத்ததற்கு இதுதான் காரணம்.

நைனா பஞ்சர் ஒட்டுவதை நான் எத்தனையோ முறை பக்கத்தில் குத்த வைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் முதலில் டியூப்பைத் தொடவே மாட்டார். விரலில் எச்சிலைத் தொட்டு வால்வு வாயில் வைத்துப் பார்ப்பார். அங்கே கொப்புளம் வந்தால் வால்டியூப் போயிருக்கிறது, அவ்வளவுதான் வேலை, அஞ்சு காசு. வராவிட்டால்தான் டயரைப் பிரிப்பார். டியூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிச் சாண் சாணாக அமுக்கிக்கொண்டு போவார். கொப்புளம் வந்த இடத்தில் காப்பியிங் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்வதற்குள் பழைய டியூப்பில் ஒட்டுத்துண்டு வெட்டுவார். மூலைகளை உருட்டித்தான் வெட்டுவார், கூர்மூலை இருந்தால் பிய்ந்துகொள்ளும். ஒட்டிச் சுத்தியலால் தட்டியபிறகும் டியூப்பை உள்ளே போடமாட்டார். டயரின் உட்புறத்தில் விரலை வைத்து ஒரு சுற்று சுற்றி வருவார். முள்ளின் நுனி அங்கேதான் ஒளிந்திருக்கும். இதைச் செய்யாமல் டியூப்பை மாட்டுகிற கடைக்காரனை அவர் மெக்கானிக் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

வாடகைத் தொழில் வேறு மாதிரி. வண்டியின் பின் மட்கார்டில் கடையின் பெயரெழுத்தும் நம்பரும் பெயிண்டில் எழுதியிருக்கும். மணிக்கு இருபத்தைந்து காசு. நீளவாக்கில் மடித்த நோட்டில் நம்பர், பேர், நேரம். தெரியாத ஆளென்றால் தெரிந்த ஆள் ஒருவர் வந்து சொல்ல வேண்டும். பையன்களுக்கு அரை வண்டி, முக்கால் வண்டி தனியாக இருந்தன. குரங்குப் பெடல் போட்டு முழு வண்டி ஓட்டப் பழகி முழங்காலைச் சிராய்த்துக்கொள்ளாத ஆண்பிள்ளை எங்கள் தெருவில் இல்லை. அமாவாசைக்கு வீரராகவப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டம் வரும். ரயிலடியிலிருந்து கோயில் கொஞ்சம் தூரம். ஜட்கா கிடைக்காதவர்கள் எங்கள் கடைக்கு வந்துவிடுவார்கள். அன்று மட்டும் நைனா வாடகையை உயர்த்துவார் என்று அம்மா குறைசொல்வாள். பெருமாள் பெயரைச் சொல்லி ஏற்றலாமா என்பது அவள் கட்சி.

சைக்கிளில் ஏறாதது என்று எதுவும் இல்லை. பூண்டிப் பக்கத்திலிருந்து பால், பழவேற்காட்டிலிருந்து இறால் கூடை, ஆரணிப் பக்கத்துத் தறிக்காரர்களின் நூல். செங்குன்றத்து மில்லுக்கும் மில்லிலிருந்தும் அரிசி. மாவட்டம் விட்டு மாவட்டம் நெல் போகக் கூடாது என்று கெடுபிடி இருந்த காலத்தில் ராத்திரியில் விளக்கில்லாமல் மூட்டையோடு போன சைக்கிள்களும் உண்டு. 1971இல் திறந்த கள்ளு, சாராயக் கடைகளை 1974இல் மறுபடி மூடியபிறகு டியூப்புக்கு இன்னொரு உபயோகம் வந்தது. லாரி டியூப்பில் சாராயத்தை நிரப்பி, கேரியரில் சுற்றிக் கட்டி, மேலே ஒரு கோணியைப் போட்டு எடுத்துப் போவார்கள். அந்த மாதிரி டியூப்புக்கு ஒட்டுப் போட நைனா மறுத்துவிடுவார். சொல்யூஷன் சாராயத்தில் ஊறினால் நிற்காது என்பதுதான் அவர் வெளியே சொன்ன காரணம்.

அப்போது வண்டிக்கு வரி இருந்தது. பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ கட்டினால் ஒரு தகர வில்லை தருவார்கள். அதை ஹேண்டில்பாருக்குக் கீழே கம்பியால் கட்ட வேண்டும். ராத்திரியில் விளக்கில்லாமல் போனாலோ டபுள்ஸ் போனாலோ போலீஸ்காரர் நிறுத்துவார். நிறுத்தி வால்வைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவதுதான் வழக்கமான தண்டனை. அதற்கும் கடைசியில் கடைக்காரரிடம்தான் வரவேண்டும். மில்லர் டைனமோ வைத்த வண்டிக்காரருக்கு மட்டும் இந்தத் தொல்லை கிடையாது. சக்கரத்தோடு உரசி முணுமுணுத்துக்கொண்டே வெளிச்சம் தரும்.

கூட்டமாகச் சைக்கிளில் போவதும் புதிதில்லை. ஆடி ஞாயிறுகளில் பெரியபாளையத்து பவானியம்மன் கோயிலுக்கு எங்கள் தெருப் பையன்கள் கேரியரில் சோற்று மூட்டை கட்டிக்கொண்டு வரிசையாகக் கிளம்புவார்கள். பாதி வண்டிகள் நைனா கடை வண்டி. இன்று ஹெல்மெட் போட்டு வாரக்கடைசியில் கிளம்புகிற பிள்ளைகள் தாங்கள்தான் இதைக் கண்டுபிடித்ததாக நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும், ஓட்டுகிறார்களே, அது போதும்.

அப்படிப்பட்ட பிள்ளைகளோடுதான் சில மாதங்களுக்கு முன்பு குடியம் குகைக்குக் கிளம்பினேன். என் அக்கா மகனும் ஆவடி, அம்பத்தூர்ப் பக்கத்து நண்பர்களும். எல்லாரும் அவனைப் பார்த்து என்னை மாமா என்றே கூப்பிட்டார்கள். அவர்களுடையது கியர் வண்டிகள். என்னுடையது பழைய ஹெர்குலிஸ். பூண்டி ஏரிக்கரையில் விடிந்தது. மதராஸ் மேயராக இருந்த சத்தியமூர்த்தி முனைந்து கொண்டுவந்த ஏரி அது. 1943இல் அவர் காலமானார், ஏரி 1944இல் திறக்கப்பட்டது. அங்கே தொல்லியல் துறை வைத்திருக்கும் கற்காலக் காட்சியகம் அந்த நேரத்தில் பூட்டியிருந்தது.

குடியத்துக்குப் போகிறவர்கள் பக்கத்திலிருக்கும் அத்திரம்பாக்கத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு போவது நல்லது. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியை எடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்தது அன்றைக்குத்தான் தெரியவந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். நூறு வருடம் கழித்து, 1960களில், தொல்லியல் துறையைச் சேர்ந்த கே.டி. பானர்ஜி அத்திரம்பாக்கத்திலும் குடியத்திலும் தோண்டினார். 1999 முதல் சாந்தி பப்புவும் அவருடைய குழுவும் அத்திரம்பாக்கத்தில் செய்த அகழாய்வில் அங்கே கிடைத்த கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று தெரிந்தது. 2011இல் அதை வெளியிட்டார்கள். அடுத்த கட்டக் கருவிகள் அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டன என்று 2018இல் சொன்னார்கள்.

அத்தனை கருவிகளும் செய்யப்பட்ட கல் ஒரே ரகம். குவார்ட்சைட் கூழாங்கல். குடியம் குகை இருக்கும் அல்லிக்குழி மலை முழுவதும் அந்தக் கூழாங்கற்களை மண்ணில் பிசைந்து வைத்த மாதிரிதான் இருக்கும். முட்டையளவிலிருந்து பூசணிக்காயளவு வரை, எல்லாம் உருண்டை, எல்லாம் வழுவழுப்பு. மழை வந்தால் மண் கரைந்து கல் பாதையில் உருண்டு கிடக்கும். கற்கால மனிதனுக்குக் கையெட்டும் இடத்தில் கருவி. சைக்கிள்காரனுக்கு அதுவே எமன்.

சீத்தஞ்சேரி தாண்டிக் கூனிபாளையம் வரை நல்ல தார்ச்சாலை. குடியம் ஊரைத் தாண்டியதும் காப்புக்காட்டுப் பாதை. காரையும் களாவும் இரண்டு பக்கமும் நெருக்கும். அங்கே ஒரு சின்ன இறக்கத்தில் எனக்கு முன்னால் போன பையனின் முன் சக்கரம் ஒரு கூழாங்கல்லின்மேல் ஏற, கல் உருண்டது, வண்டி சாய்ந்தது. வலது கையை ஊன்றி விழுந்தான். பின் சக்கரத்தோரம் தொங்கும் கியர் பெட்டி இன்னொரு கல்லில் மோதி, அது மாட்டியிருக்கும் சின்ன அலுமினியக் கொக்கியோடு முறிந்து செயினில் தொங்கியது.

"மாமா, கையை அசைக்க முடியல" என்றான். மணிக்கட்டு அதற்குள் வீங்கியிருந்தது. துண்டைக் கிழித்து, மட்டையாக ஒரு குச்சியை வைத்துக் கட்டினோம். குகை இன்னும் கொஞ்ச தூரம்தான், பாதிப் பேர் போய்விட்டு வரட்டும் என்று ஒருவன் சொன்னான். அக்கா மகன் அவனைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு முடிந்தது. எல்லாரும் திரும்பினோம். ஊருக்குள் வந்து ஒரு பால் வண்டியை நிறுத்தி, பையனை அதில் ஏற்றித் துணைக்கு ஒருவனோடு திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். எலும்பில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு என்று மத்தியானம் போன் வந்தது.

மிச்சம் இருந்தது அவன் வண்டி. முறிந்த கொக்கி அந்த ஒரு மாடலுக்கு மட்டுமே பொருந்தும், ஆன்லைனில் வரவழைக்க வேண்டும் என்றார்கள். வண்டியின் விலையைக் கேட்டேன். எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் அந்த விலைக்கு வீடு வாங்கியிருக்கலாம். அத்தனை விலையுள்ள வண்டியை வெயிலில் உருட்டிக்கொண்டு நடந்தோம். எங்களோடு வந்த அத்தனை கியர் வண்டியிலும் கொக்கி வெவ்வேறு அளவு. ஒன்றுக்கு ஒன்று மாற்ற முடியாது. 32, 40 என்று மூச்சு விடாமல் சொல்லும் நைனாவிடம் இதை எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

ரெண்டு பீடி நேரம் போயிற்று, நாலும் போயிற்று. சீத்தஞ்சேரியில் கடை என்று இருந்த இடங்களில் ஒன்றில் செல்போன் ரீசார்ஜ், இன்னொன்றில் மோட்டார் பைக் வாட்டர் சர்வீஸ். அங்கே விசாரித்ததில் "அந்தக் காலத்துல கடை வெச்சினு இருந்த பெரியவரு ஒருத்தரு உள்தெருவுல கீறாரு" என்றார்கள். எழுபதைத் தாண்டியவர். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வண்டியைப் பார்த்ததும் செயினைத்தான் முதலில் தொட்டார்.

"அண்ணே, இதுக்கு ஸ்பேர் இல்லை" என்றேன்.

"ஸ்பேர் இன்னாத்துக்கு தம்பி? செயின குறைச்சிட்டா ஓடாதா?"

உள்ளே போய் ஒரு சுத்தியல், முனை மழுங்கிய ஒரு ஆணி, ஒரு பெரிய நட்டு கொண்டுவந்தார். வாசலில் கிடந்த கல்லின்மேல் நட்டை வைத்து, அதன் ஓட்டைக்கு நேராகச் செயின் பின் வரும்படி வைத்தார். ஆணியால் மூன்று தட்டு. பின் முழுக்க வெளியே வராமல் கண்ணியின் ஓரத்தில் நின்றது. முழுக்க வந்துவிட்டால் திரும்ப ஏற்றுவது கஷ்டம், அதை விரலிலேயே அளந்து நிறுத்தியிருந்தார். கியர் பெட்டியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, செயினைச் சுருக்கி, பின்னாலிருக்கும் பற்சக்கரங்களில் நடுவான ஒன்றில் மாட்டி, நட்டைத் திருப்பி வைத்துப் பின்னைத் தட்டி உள்ளே ஏற்றினார். கண்ணியை இரண்டு பக்கமும் வளைத்து இறுக்கம் எடுத்தார். பெடலைச் சுற்றினார், ஓடியது. இப்போது அதுவும் என் ஹெர்குலிஸ் மாதிரி ஒரே கியர் வண்டி. பின்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, "கோட்டம் லேசா கீது, எடுத்துக்குடுக்கவா?" என்றும் கேட்டார். போக்ஸ் கீ எங்கே வைத்தார் என்று அவருக்கு நினைவில்லை.

கூலி எவ்வளவு என்றதற்கு, "கடையே இல்ல, கூலி இன்னா கூலி" என்றார். அவர் கடையை மூடிய கதையைக் கேட்டோம். அதில் புதுமை ஒன்றுமில்லை, எங்கள் கதையும் அதுதான்.

1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. முதலில் பால்காரர், பிறகு மீன்காரர், பிறகு வாத்தியார் என்று நல்ல வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக மொபெட்டுக்கு மாறினார்கள். வாடகை சைக்கிளைக் கொன்றது அது இல்லை. அதைக் கொன்றது சொந்த சைக்கிள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கம் ஆயிரமாயிரம் பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்தது. 2001க்குப் பிறகு அரசே பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. முதலில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு, சில ஆண்டுகளில் எல்லாருக்கும். வீட்டுக்கு வீடு சைக்கிள் வந்தால் மணிக்கு ஒரு ரூபாய் கொடுத்து எவன் எடுப்பான்? நைனா கடைசி நாலு வண்டியைக் காயலான் கடையில் போட்டார். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் ஒன்பதாவது படிக்கிறபோது பள்ளிக்கூடம் தூரம் என்று நிறுத்தப்பட்ட தன் தங்கையை நினைத்துக்கொண்டு, "நல்லதுதான்டா" என்பார். நானும் அப்படியே நினைக்கிறேன். எங்கள் கடை ஒரு ஊருக்குச் செய்ததை அரசாங்கத் திட்டம் ஒரு மாநிலத்துக்கே செய்தது.

பஞ்சர் கடைக்கு அந்தத் திட்டம் பத்துப் பதினைந்து வருஷம் ஆயுள் கொடுத்தது. பிறகு அந்தப் பிள்ளைகளும் பள்ளி முடித்ததும் ஸ்கூட்டிக்குப் போனார்கள். மோட்டார் பைக்கில் டியூப்லெஸ் டயர். சீத்தஞ்சேரிப் பெரியவரின் மகன் மினி லாரி ஓட்டுகிறார். தொழில் பழக வந்த கடைசிப் பையன் யார் என்று அவருக்கே நினைவில்லை. நாட்டின் சைக்கிள் உற்பத்தியின் மையமும் பஞ்சாபுக்கு நகர்ந்துவிட்டது. 2017இல் எங்கள் அம்பத்தூர்க் கம்பெனியே ராஜ்புராவில் ஆலை திறந்தது. 2020 ஜூன் 3 அன்று, உலக சைக்கிள் தினத்தில், அட்லஸ் தன் சாகிபாபாத் ஆலையை நிறுத்தியது. 1997இல் உருவான திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து அம்பத்தூரே 2018இல் சென்னையோடு போய்விட்டது. ஆக, சைக்கிள் செய்த மாவட்டம் என்ற பேரும் எங்களுக்கு மிஞ்சவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் தொழில் சாகவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட். ராணிப்பேட்டைக்குப் பிறகு வந்த தொழிற்பேட்டைகளில் ஒன்று. என் மச்சான் அங்கே ஒரு உருட்டாலையில் ஷிப்டு வேலை பார்த்தார். அப்போதெல்லாம் எளாவூர், ஆரம்பாக்கம், மாதர்பாக்கம், கவரைப்பேட்டை என்று சுற்றுப்பட்டு ஆட்கள் சைக்கிளில்தான் வேலைக்கு வருவார்கள். சென்னைப் பக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வருகிறவர்கள் ஸ்டேஷன் ஸ்டாண்டில் ஒரு வண்டியை நிரந்தரமாகப் போட்டு வைத்திருப்பார்கள். அங்கே கருவேல முள்ளைவிட மோசமான எதிரி லேத்துப் பட்டறைக் கம்பிச் சுருள். லாரியிலிருந்து உதிர்ந்து ரோட்டில் கிடக்கும். டயரில் ஏறினால் ஒரே நேரத்தில் மூன்று ஓட்டை. கேட்டுக்கு எதிரே பஞ்சர் கடைக்காரர்கள் ஷிப்டு கணக்கில் வேலை செய்தார்கள். காலையில் வண்டியை விட்டுவிட்டு உள்ளே போனால் சங்கு ஊதி வெளியே வரும்போது ஒட்டி, காற்றடித்து, சாய்த்து வைத்திருப்பார்கள்.

உள்ளூர் ஆட்கள் இப்போது கம்பெனி பஸ்ஸிலும் பைக்கிலும் வருகிறார்கள். ஆனால் அதே கேட்டுகளில் விடியற்காலையில் போய் நின்று பாருங்கள். பீகார், ஒடிசா, ஜார்கண்ட் பிள்ளைகள் சாரி சாரியாகச் சைக்கிளில் வருகிறார்கள், பலர் டபுள்ஸில். அவர்களிடம் இருப்பவை பெரும்பாலும் பழைய வண்டிகள். ஊர் திரும்புகிறவன் புதிதாக வந்தவனுக்கு விற்றுவிட்டுப் போகிறான். ஒரே வண்டி நாலைந்து கை மாறுகிறது. வில்லை இல்லை, டைனமோ இல்லை, ஆனால் 32ம் 40ம் அப்படியே இருக்கிறது. அந்த வண்டிகளை நம்பி நடக்கும் சைக்கிள் கடைகள் அங்கே இன்னும் இருக்கின்றன. ஒரு கடைக்காரர் கூலியை இந்தியிலேயே சொல்கிறார், வாடிக்கையாளரிடம் கற்றுக்கொண்டதாம். அவர் கடையில் ஒரு பையன் தொழில் பழகிக்கொண்டிருந்தான். இத்தனை வருஷத்தில் நான் பார்த்த முதல் சிஷ்யப் பிள்ளை. வால்வில் எச்சில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் டயரைப் பிரித்தான்.

வாரக்கடைசியில் பூண்டி, குடியம், பழவேற்காடு என்று கூட்டமாகச் சைக்கிளில் வருகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாற்று டியூப்பும் செயின் அறுக்கும் கருவியும் உங்கள் பையில் இருக்கும், தெரியும். இருந்தாலும் வழியில் டயர் தொங்கும் மரம் ஒன்று கண்ணில் பட்டால் நிறுத்துங்கள். காற்று சரியாக இருந்தாலும் ஒருமுறை அடிக்கச் சொல்லுங்கள், கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள், கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். வருமானம் இருந்தால்தான் அவர் அடுத்த வாரமும் அந்த மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்.